எட்டு மெஷினும் பாஸ்

நவம்பர் 26

தாவுத் கடைக்கு இன்று இரண்டு கோணிப்பை கிராபிக்ஸ் கார்டு வந்து இறங்கியது. உருளைக்கிழங்கு மூட்டையை இறக்குவது மாதிரி தொப்பென்று போட்டுவிட்டுப் போனார்கள். கஜகஸ்தான் பக்கம் பிட்காயின் தோண்டும் ஏதோ ஒரு கொட்டகையில் வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடியவை. விசிறியைத் தொட்டால் ஆடுகிறது. எரிந்த தூசி நாற்றம்.

"புதுசு மாதிரிதான் இருக்கு சாகின். தொடச்சுட்டா யாருக்குத் தெரியும்?" என்றான் தாவுத்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். முதலாளி என்பதால் வாயில் 'நீங்க', இங்கே எழுதும்போது 'அவன்'. எழுதுவதில்தான் நமக்குக் கொஞ்சம் சுதந்திரம்.

என் பிழைப்பு இதுதான். அவன் கூட்டிச் சேர்க்கிற கம்ப்யூட்டரை நான் வதைக்க வேண்டும். பிராசசர், மெமரி, கார்டு எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் முழுப் பாரம் ஏற்றி, சூடு எதுவரை போகிறது, எங்கே மூச்சு முட்டுகிறது, எப்போது விழுகிறது என்று பார்க்க வேண்டும். விழாமல் நின்றால் பச்சை ஸ்டிக்கர். 'சாகின் பார்த்ததா?' என்று கேட்டு வாங்குகிறவர்கள் எங்கள் பிஷ்கேக் நகரில் இருக்கிறார்கள். அந்தப் பெருமை மட்டும் குறைவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் உட்கார்ந்து விரலை நீட்டினார். விரலில் மாட்டும் கிளிப்பில், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண் வரும்.

"எத்தன மார்க்கு?"

"எண்பத்தெட்டு."

"பாஸா, பெயிலா?"

"பாஸ்தான்" என்றேன். டாக்டர் தொண்ணூறுக்குக் கீழே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 28

குளிர் மைனஸ் பத்து. வெளியே போனால் வாயில் கரி ருசி.

டிசம்பர் 1

அக்டோபரில் ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்தபோதே டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், வீட்டுக்குள் நிலக்கரி அடுப்பு கூடாது என்று. அப்பாவுக்கு அதில்தான் கோபம். முப்பது வருடம் காரா-கெச்சே சுரங்கத்திலிருந்து இந்த ஊருக்குக் கரி ஏற்றி வந்த லாரி டிரைவர் அவர். "நான் கொண்டாந்த கரியில ஊரே குளிர்காயுது, எனக்கு மட்டும் தடையா?" என்கிறார். பேசி முடித்ததும் இருமல். இருமி முடித்ததும் அடுத்த வசை.

இருக்கிற ஒரே எண்ணெய் ஹீட்டர் அவர் அறைக்குப் போதவில்லை. இன்று கடையில் ஆறு மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், பாதிச் சோதனையில் இருந்த ஒரு மெஷினை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அப்பா அறையில் மேசைமேல் வைத்து ஓடவிட்டேன். திரையில் உரோமம் முளைத்த ஒரு வளையம் சுற்ற ஆரம்பித்தது. கார்டை வதைப்பதற்கென்றே எழுதிய படம் அது.

"என்னடா இது, நாய்க்குட்டி வால் மாதிரி?"

"கார்டுக்குப் பாரம் ஏத்தறேன்பா."

"வலிச்சா என்ன பண்ணும்?"

"சூடு ஏறுச்சுன்னா அதுவே வேகத்தக் கொறச்சுக்கும். இல்லேன்னா வெந்துரும்."

"புத்திசாலி. நான் கொறச்சுக்கல பாரு."

ஒரு மணி நேரத்தில் அறை கதகதப்பாகிவிட்டது. கார்டுக்குப் பின்னால் கையை வைத்தால் தந்தூர் வாய் மாதிரி அனல். அப்பா கால் போர்வையை உதறிவிட்டு அந்தக் காற்றுக்குப் பாதத்தை நீட்டிக்கொண்டார். நாளையிலிருந்து தினமும் ஒன்றோ இரண்டோ கொண்டு வரலாம். புகை இல்லை. சோதனையும் ஆகும், அறையும் சூடாகும்.

டிசம்பர் 4

தெருக் கூட்டம். டிரான்ஸ்பார்மர் கம்பத்தடியில், பனியில் நின்றுகொண்டே. போன குளிர்காலத்தில் அது எரிந்துபோய் தெரு முழுக்க நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. இந்த வருடம் அப்படி ஆகக்கூடாது என்று தெருத் தலைவி சாத்கின் அக்கா முறை வைத்துவிட்டார். இருட்டியதிலிருந்து படுக்கிற நேரம்வரை ஒரு நாள் இடப்பக்க வீடுகள் ஹீட்டர் போடலாம், மறுநாள் வலப்பக்கம். மருந்து மெஷினுக்கு விலக்கு. எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"முறை தப்பி யாராவது ஹீட்டர் போட்டீங்க, அந்த வீட்டு வாசல்லயே நான் வந்து உக்காந்துருவேன்" என்றார் அக்கா.

"எங்க வீட்டுக்கு வாங்கக்கா. நீங்க உக்காந்தா ஹீட்டரே வேணாம், அந்த வாய்ச்சூடு போதும்" என்றார் தாஷ்தான் அண்ணன். சிரிப்பு.

"நீ சிரிக்காத தாஷ்தான். உன் வெல்டிங்தான் மொத எமன். பகல்ல மட்டும் வெச்சுக்க."

"அப்பா ஆணையா பகல்ல மட்டும்."

தாஷ்தான் அண்ணன் எங்கள் எதிர்வீடு. கேட்டு, கிராதி, கல்லறைக் கூண்டு எல்லாம் பற்றவைப்பவர். மாலையானால் பல்லாங்குழி மாதிரிப் பலகையை வைத்து அப்பாவுடன் ஒன்பது குழி ஆட உட்கார்ந்துவிடுவார். வெற்றியோ தோல்வியோ இரண்டு பேரும் திட்டிக்கொள்ளாமல் எழுந்ததில்லை.

ஹீட்டர், இஸ்திரி, வெந்நீர்த் தொட்டி, வெல்டிங் என்று அக்கா வரிசையாகச் சொன்னார். கம்ப்யூட்டர் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கை தூக்கச் சொன்னபோது தூக்கினேன்.

டிசம்பர் 7

கடையிலிருந்து பழைய யுபிஎஸ் ஒன்று எடுத்து வந்து புது பேட்டரி போட்டேன். கரண்டு போனால் ஆக்சிஜன் மெஷின் நிற்காமல் ஓட வேண்டுமே. கடையில் ஒரு கம்ப்யூட்டரை மாட்டி, பாரம் ஏற்றி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அரை மணி நேரம் அசையாமல் தாங்கியது. கவலைப்பட எதுவும் இல்லை.

வீட்டில் அப்பாவின் மெஷினை அதில் மாட்டினேன். பச்சை விளக்கு. இப்போது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். மெஷினுக்குள் காற்றை அழுத்துகிற மோட்டார் இருக்கிறது. கம்ப்யூட்டர் தாங்கினால் மோட்டாரும் தாங்கும் என்று சொல்ல முடியாது. இது எனக்குத் தெரியாததா? பிளக்கில் கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். மேலே அப்பா மூக்கில் குழாய். மெஷின் புஸ்... டக்... புஸ்... டக்.

"என்னடா பண்ற கீழ?"

"யுபிஎஸ் தாங்குதான்னு பாக்கணும்பா. ஒரு நிமிஷம் கரண்ட நிறுத்தணும்."

"புடுங்கு."

கை நகரவில்லை.

"புடுங்குடா. ஊரு மெஷின எல்லாம் சாவுற வரைக்கும் ஓட்டுவியாம். அப்பன் மெஷினத் தொட நடுங்குதா?"

"அப்புறம் பாத்துக்கலாம்பா. பச்ச எரியுது."

"பச்சதான் எரியும். சிவப்பா எரியும், வாங்கும்போது?"

என் மனைவி ஸூரா சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 8

இன்றும் பார்க்கவில்லை.

டிசம்பர் 9

அப்பா கழிப்பறைக்குப் போகிற நேரத்தில் செய்யலாம். குழாய் இல்லாமல் அந்தக் கொஞ்ச நேரம் தாங்குவார். ஆனால் வாடகை மெஷின், எடக்குமடக்காக ஏதாவது ஆகிவிட்டால் இன்னொன்று கிடைக்குமா? குளிர் முடியும்வரை ஊரில் ஒன்றுகூட இல்லை என்கிறார்கள்.

சாக்குத்தான். தெரிந்தே சொல்கிறேன்.

டிசம்பர் 13

ஸூராவுடன் சண்டை. தையல் கூடத்திலிருந்து வந்தவள் காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னிக்கு யாரு மொற?"

"எதிர்ப்பக்கம்."

"நம்ம வீட்டுல ஏன் மூணு மெஷின் ஓடுது?"

"அது ஹீட்டர் இல்லியே. வேலை."

"வேலையா? மேல கைய வெச்சுப் பாருங்க. எதிர்வீட்டுப் புள்ளைங்க இருக்கிற ஒரு ஹீட்டரச் சுத்தி உக்காந்திருக்கு, பல்பு மஞ்சளா எரியுது. அவங்களுது கொறஞ்சாத்தான் நமக்குச் சூடு."

"அப்பா அறைல குளிர் வெச்சா ராத்திரி இருமல் நிக்காது. நீ பாத்துக்குவியா?"

"நாந்தான பாத்துக்கறேன்!"

உண்மைதான், அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இருந்தும் மெஷினை நிறுத்தவில்லை. அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், வாய் திறந்து, கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்து. விரலைப் பார்த்தேன். தொண்ணூற்று ஒன்று. இந்த வாரம் மூன்றாவது தடவை தொண்ணூறைத் தாண்டுகிறது. இதை நான் நிறுத்தவா?

டிசம்பர் 15

தாவுத்துக்குப் பெரிய ஆர்டர். புதிதாகத் திறக்கிற ஒரு விளையாட்டு மையத்துக்கு எட்டு மெஷின், புத்தாண்டுக்கு முன். அந்தக் கோணிப்பைக் கார்டுகள்தான். தனித்தனியாகச் சோதித்தால் போதாது, எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஒன்றின் அனல் இன்னொன்றுக்குள் போகும், அப்போதுதான் எது சொத்தை என்று தெரியும். கடை இருக்கிற சந்தையில் ஆறு மணிக்குக் கரண்டை நிறுத்திவிடுகிறார்கள்.

"உங்க வீட்டுலயே வெச்சுப் பாத்துடுங்களேன் சாகின். எப்படியும் கொண்டுதான போறீங்க" என்றான் தாவுத்.

அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 19

தாஷ்தான் அண்ணன் தன் போர்ட்டர் குட்டி லாரியில் எட்டையும் ஏற்றி வந்து, தானே தோளில் சுமந்து உள்ளே இறக்கினார். நான்கு அப்பா அறையில், நான்கு கூடத்தில்.

"தம்பி, இதெல்லாம் கரண்டு நெறைய இழுக்குமோ?"

"இல்லண்ணே. டிவி மாதிரிதான்."

"ஆங். நானும் அப்படித்தான் நெனச்சேன்."

வாய்கூசாமல் சொன்னேன். அவர் நம்பியதோடு நிற்காமல், திரும்பிப் போகும்போது அப்பாவிடம் சொன்னார்: "பெரியவரே, உம்ம மவன் வீட்டையே சினிமாக் கொட்டாயா மாத்திட்டான்." பிறகு ஆட்டம். அப்பா இரண்டு ஆட்டம் ஜெயித்தார். மூன்றாவதில் மூச்சு வாங்கி, காய்களைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். தாஷ்தான் அண்ணன் பலகையைக் கலைக்கவில்லை. அப்படியே மூடித் துணி போட்டு அலமாரிமேல் வைத்தார்.

"உங்க மொறதான். நாளைக்கு ஆடலாம்" என்றார்.

டிசம்பர் 20

எட்டையும் தனித்தனியாகப் பார்த்தாயிற்று. எல்லாம் பாஸ். ஒன்றில் மட்டும் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்திருந்தது, மாற்றினேன். நாளை எட்டும் சேர்ந்து.

டிசம்பர் 21

டிசம்பர் 24

மேலே தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். எதற்கு உட்கார்ந்தேன், எதை எழுத நினைத்தேன், ஞாபகம் இல்லை.

அப்பாவை நேற்று அடக்கம் செய்தோம்.

எழுதிவிடுகிறேன். 21ஆம் தேதி இந்தக் குளிர்காலத்திலேயே மோசமான குளிர். கண்ணாடி உள்பக்கம் பனி. முறை எதிர்ப்பக்கத்துக்கு. எட்டையும் அப்பா அறையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். எட்டுத் திரையிலும் அந்த வளையம். அப்பா சிரித்தார், "இத்தன வாலு! மந்தையே வந்துடுச்சு" என்றார். அறை நிஜமாகவே சூடானது. தொப்பியைக் கழற்றினார். தலைமுடி வியர்த்திருந்தது. நான் அந்த வியர்வையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் இருட்டி, முறை தொடங்கியிருந்த நேரம். பல்பு மஞ்சளானது, பிறகு செம்மஞ்சள். ஸ்டெபிலைசர் டக்டக்கென்று அடித்துக்கொண்டது. நிறுத்தியிருக்கலாம். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பட்டன். இன்னும் கொஞ்ச நேரத்தில் சோதனை முடிந்துவிடும் என்று இருந்துவிட்டேன். தெருக்கோடியில் டமார் என்று ஒரு சத்தம். எல்லாம் போச்சு.

இருட்டில் யுபிஎஸ் கூவியது. ஆக்சிஜன் மெஷின் ஒரு தடவை புஸ் என்று இழுத்தது. அடுத்த 'டக்' வரவில்லை. யுபிஎஸ்ஸில் சிவப்பு. அணைத்துப் போட்டேன். பச்சை வந்தது, மோட்டார் உதறியது, மறுபடி சிவப்பு. மறுபடி போட்டேன். மறுபடி. ஏய், தாங்குடா, அரை மணி நேரம் தாங்கினியே, இப்ப என்னடா, தாங்குடா நாயே — அதைக் கையால் அறைந்தேன். ஸூரா மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் டப்பாவை அப்பா மூக்கில் வைத்து அழுத்தினாள். அது எவ்வளவு நேரத்துக்கு?

ஆம்புலன்ஸ் வழியில் இருப்பதாகச் சொன்னார்கள். சாலை முழுக்கக் கண்ணாடிப் பனி. நான் வெளியே ஓடிக் கத்தினேன், தாஷ்தான் அண்ணன் கேட்பதற்கு முன்பே வண்டியைக் கிளப்பியிருந்தார். போர்வையோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். வண்டியில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா. விரலில் அந்தக் கிளிப் அப்படியே மாட்டியிருந்தது, இருட்டில் சிவப்பாக எண் தெரிந்தது. பேச முடியவில்லை அவருக்கு. விரலை என் பக்கம் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். எத்தனை மார்க்கு என்று கேட்கிறார். நான் அந்த எண்ணை என் கையால் மூடிக்கொண்டேன்.

பாலம் வருவதற்குள் முடிந்துவிட்டது. என் கைக்குள் கை இருந்ததால் எனக்குத் தெரிந்தது. தாஷ்தான் அண்ணனுக்குத் தெரியவில்லை. அவர் ஓட்டிக்கொண்டே அழுதார்.

"நாந்தாண்டா தம்பி. நாந்தான். கேட்டுக்கு ஒரே ஒரு கீலு. இருட்டிருச்சு, இருந்தாலும் முடிச்சுரலாம்னு பத்தவெச்சேன். வெச்ச ஒடனே டமார்னுச்சு. நாந்தான் பெரியவரக் கொன்னேன்."

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 25

அடக்கத்துக்கு முற்றத்தில் வட்டக் கூடாரம் போட்டது தெருக்காரர்கள். என்னால் இருட்டில் கிடக்கிற அதே தெரு. வீட்டுக்கு வீடு விறகும் கரியும் கொண்டுவந்து கொட்டினார்கள். குதிரை வெட்டியது, கொப்பரை ஏற்றியது, வெந்நீர் வைத்தது எல்லாம் அவர்கள்தான். கல்லாக உறைந்திருந்த மண்ணைக் கடப்பாரையால் உடைத்துக் குழி வெட்டியது தாஷ்தான் அண்ணன். வேறு யாரையும் கடப்பாரையைத் தொட விடவில்லையாம். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

நான் வழக்கப்படி இடுப்பில் துணி கட்டி, தடியை ஊன்றிக் குனிந்து, கூடாரத்துக்கு வெளியே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் ஓலமிட்டேன். உள்ளே பெண்கள் ஒப்பாரி. 'கரிமலையைக் கடந்தவரே, கணவாய்க்கு அஞ்சாதவரே' என்று ஸூராவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. என்னைப் பற்றி அதில் ஏதாவது வருமோ என்று பயந்துகொண்டே நின்றேன். வரவில்லை.

தொழுகைக்கு முன் மகன் எழுந்து கேட்க வேண்டும். கேட்டேன். "என் அப்பா ஜூமாகாதிர் யாருக்காவது பாக்கி வெச்சிருந்தாலோ, யாருக்காவது அவர் மேல மனக்கொற இருந்தாலோ, இனிமே என்னைக் கேளுங்க. இல்லேன்னா அவர மன்னிச்சு விட்ருங்க."

"ஒண்ணுமில்ல. நல்ல மனுஷன்" என்று எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து தாஷ்தான் அண்ணன் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டார். "எனக்குப் பெரியவர்ட்ட பாக்கி ஒண்ணுமில்ல. நாந்தான் அவருக்குப் பாக்கி. தம்பி, மொற தப்பிப் பத்தவெச்சது நான். எல்லாருக்கும் முன்னால கேக்கறேன், என்னை மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. சாத்கின் அக்கா வாயில் தலைத்துணி நுனியை அடைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடமும் இல்லை, நேரமும் இல்லை. இனி அப்படி ஒன்று வரவும் வராது.

"மன்னிச்சேண்ணே" என்றேன்.

டிசம்பர் 28

புது டிரான்ஸ்பார்மர் போட்டுவிட்டார்கள். தெரு வெளிச்சமாக இருக்கிறது. தாவுத் ஆளனுப்பி எட்டு மெஷினையும் எடுத்துக்கொண்டான். பின்னாலேயே போன்: முதலில் துக்கம் விசாரித்தான், நன்றாகத்தான் விசாரித்தான், பிறகு கொஞ்சம் தயங்கி, "எட்டும் எப்படி?" என்றான்.

கரண்டு பட்டென்று போயும் ஒரு கார்டுகூடச் சாகவில்லை. பதிவைப் பார்த்தேன். கடைசி நிமிடம்வரை ஒரு பிழை இல்லை.

"எட்டு மெஷினும் பாஸ்" என்றேன்.

ஸ்டிக்கரை அவனையே ஒட்டிக்கொள்ளச் சொன்னேன்.

ஜனவரி 2

தெருவில் தாஷ்தான் அண்ணனுடன் யாரும் சரியாகப் பேசுவதில்லை. ரொட்டிக்கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றதை நானே பார்த்தேன். சாத்கின் அக்கா மட்டும், "விடுங்கப்பா, அவனும் வேணும்னா செஞ்சான்?" என்றார். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 6

ஆக்சிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் நாள். ஆள் வருவதற்கு முன் அதை யுபிஎஸ்ஸில் மாட்டினேன். புது பேட்டரி, முழு சார்ஜ், பச்சை விளக்கு. மெஷினை ஓடவிட்டேன். புஸ்... டக்... புஸ்... சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். இந்தத் தடவை கை நடுங்கவில்லை.

உடனே சிவப்பு. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் மோட்டார் உதறும்போதே விழுந்தது. அந்த யுபிஎஸ் தருகிற கரண்டு கம்ப்யூட்டருக்குச் சரி, மோட்டாருக்குச் சரியில்லை. இதற்கு இரண்டு மடங்கு பெரியது, மோட்டாருக்கென்று செய்தது, சந்தையில் என் மேசைக்கு மூன்றாவது கடையில் இருக்கிறது.

இவ்வளவுதான் சோதனை. அப்பா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்துவதற்குள் முடிந்திருக்கும். மெஷினுக்கும் ஒன்றும் ஆகவில்லை, எடுத்துப்போக வந்தவர் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருந்திருக்கீங்க" என்றார்.

ஜனவரி 13

தாஷ்தான் அண்ணன் வெல்டிங் மெஷினை வீட்டிலிருந்து எடுத்துவிட்டார். ஊரின் அந்தக் கோடியில் யாரோ ஒருவருடைய பட்டறையில் வைத்து, அப்பா கல்லறைக்குக் கூண்டு செய்கிறாராம். இரும்புக் கம்பியில் வட்டக் கூடாரம் மாதிரி, மேலே பிறை. இன்று வாசலில் நின்றே கேட்டார், உள்ளே வரவில்லை.

"தம்பி, முன்பக்கத்துல லாரி ஒண்ணு தகட்டுல வெட்டி வைக்கலாமா? பெரியவருக்குப் புடிக்கும்ல?"

"புடிக்கும்ணே."

"கூலி கீலின்னு பேசிராத. பேசுனா வரமாட்டேன்."

அவர் போன பிறகு ஸூரா என் எதிரில் உட்கார்ந்தாள். அன்றைக்கு எட்டுத் திரையையும் அவளும்தானே பார்த்தாள். இத்தனை நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா தெருவே நம்மள..."

"தெருவ விடுங்க. அந்த மனுஷன் சோறு தின்றதில்லயாம். அவர் பொண்டாட்டி ரொட்டிக்கடைல நின்னு அழுவுது."

ஜனவரி 14

இன்று சொல்லவில்லை.

ஜனவரி 15

இன்றும். டிசம்பர் 8க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதே கைதான்.

ஜனவரி 20

பட்டறைக்குப் போனேன். முகமூடி போட்டுக்கொண்டு பற்றவைத்துக்கொண்டிருந்தார். கூண்டு பாதி எழும்பிவிட்டது. லாரி வந்துவிட்டது, தகட்டில், பின்னால் கரிக் குவியலோடு. அசல் அப்பாவின் பழைய வண்டி. ஞாபகத்திலிருந்தே வெட்டியிருக்கிறார்.

"வா தம்பி. அந்தக் கம்பிய இப்படிப் புடி."

பிடித்துக்கொண்டே சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. எட்டு மெஷினும் எவ்வளவு இழுக்கும் என்று சொன்னேன். உங்கள் வெல்டிங் இழுக்கிற அளவுக்கு, அதுவும் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் அல்ல, மாலையெல்லாம். டிவி மாதிரி என்று சொன்னது பொய். எங்கள் முறை இல்லாத நாளிலெல்லாம் ஓட்டினேன். யுபிஎஸ்ஸைச் சோதிக்காமலே விட்டேன். உங்கள் ஒரு கீல் இல்லாவிட்டாலும் அது அன்றைக்கு வெடித்திருக்கும்.

அவர் முகமூடியைத் தூக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

"எப்பத்துலேர்ந்து தெரியும் உனக்கு?"

"வண்டில போகும்போதே தெரியும்ணே."

"வண்டில." பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தார். "நான் அழுதேனே, அப்ப?"

"ஆமா."

"தொழுகைல, தொப்பியக் கழட்டிக் கேட்டேனே. எல்லாரும் பாக்க. அப்பவும்?"

"ஆமாண்ணே."

"மன்னிச்சேன்னு சொன்னியே."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய? திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அடித்திருக்கலாம்.

"கம்பிய உடு. போ" என்றார்.

ஜனவரி 21

சாத்கின் அக்கா வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். "உக்காரு" என்று அவர் சொல்லவில்லை. மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஜனவரி 29

நாற்பதாம் நாள். காலையில் கல்லறைக்குப் போனால் கூண்டு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. சாயம் அடித்து, நாலு காலும் பனிக்குள் ஆழமாக ஊன்றி. நேற்றே தனியாக வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பனியில் அவர் வண்டித் தடம். லாரி முன்பக்கத்தில் இருந்தது, அப்பாவுக்குப் பிடிக்கும்படி.

விருந்துக்குத் தெருவில் பாதிப்பேர்தான் வந்தார்கள். தாஷ்தான் அண்ணன் வீட்டிலிருந்து யாரும் இல்லை. ஸூரா ஒரு தட்டு இறைச்சியும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவர் மனைவி வாங்கிக்கொண்டாளாம். அவர் வெளியே வரவில்லையாம்.

பிப்ரவரி 3

அலமாரிமேலிருந்து ஒன்பது குழிப் பலகையை எடுத்துத் துணியை விலக்கினேன். ஆட்டம் பாதியில் அப்படியே இருக்கிறது. அப்பா முறை. திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்து, மறுபடி மூடி மேலே வைத்தேன். பலகை தாஷ்தான் அண்ணனுடையது. கேட்டு வருவார் என்று ஒரு நினைப்பு.

பிப்ரவரி 9

கடையில் அந்த உரோம வளையத்தை ஓடவிட்டால் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தாவுத் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். அப்பா அறையில் இப்போது யாரும் இல்லை, ஹீட்டரும் இல்லை. கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம்.

சாயங்காலம் ஸூரா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் பல்பு ஒருமுறை மங்கி, திரும்பப் பளிச்சென்று எரிந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். எதிர்வீட்டு முற்றத்திலிருந்து சரசரவென்று சத்தம், சுவருக்கு மேலே நீல வெளிச்சம். வெல்டிங் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். யாரோ அவரிடம் சிரித்துப் பேசுகிற குரல். சாத்கின் அக்கா மாதிரி இருந்தது.

ஸூரா என் கோப்பையை நிரப்பினாள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், அவர் இந்தப் பக்கம் பார்த்தால் நான் நிற்பது தெரிய வேண்டாம் என்று.